கிடாரின் கழுத்து முறிந்தால் என்ன செய்வது?



நான் சிப்பிகாட்டில் குடியிருக்கும் ஒரு மரவேலைக்காரன். கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி என்று முப்பத்தைந்து ஆண்டுகள் உளி பிடித்தவன். வாத்தியங்களுக்கும் எனக்கும் உள்ள உறவு, விழா மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதோடு சரி. அப்படிப்பட்டவன் எலெக்ட்ரிக் கிடாரைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் என் தம்பி மகன்.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதம். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பையன் நீளமான பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பட்டறைக்குள் வந்தான். முகம் சரியில்லை.

"பெரியப்பா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பையைத் திறந்தான். உள்ளே அவன் அப்பாவின் கிடார். கழுத்தின் மேல்முனையில், முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி முறிந்து, தந்திகளின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கிடாரின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி கல்யாணத்துக்கு முன்பே சென்னையில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது அது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை, பூமி அதிர்ந்து கடல் உள்ளே வந்தபோது, அவன் வீடு தாழ்வான பகுதியில் இருந்தது. பத்திரங்கள் வைத்திருந்த பெட்டியை ஒரு கையிலும் இந்தக் கிடாரை இன்னொரு கையிலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்து சேர்ந்தான். தெற்கு அந்தமானில் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துபோனதால் சிப்பிகாட்டில் பல வயல்களில் புகுந்த உப்புத் தண்ணீர் திரும்பிப் போகவில்லை. வண்டூர் சாலையில் போகும்போது நீங்கள் பார்க்கும் நீர்ப்பரப்பும் பறவைகளும் அன்றைக்கு நெல் விளைந்த இடங்களில் இருப்பவை. தம்பி 2019-ல் காலமானான். கிடார் மகன் கைக்கு வந்தது.

நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது சரிந்து விழுந்து முறிந்ததாம். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கக் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையை ஊற்றி ஒட்டியிருக்கிறான். தந்தியை முறுக்கியதும் மறுபடி விட்டுப்போயிற்று. இந்த அவசர ஒட்டுதான் எங்களுக்குப் பிறகு பெரிய தலைவலியானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கழுத்து எதைத் தாங்குகிறது?

வீணை வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். வீணைக்குக் குடம், தண்டி, யாளி என்று பகுதிகள் இருப்பது போலக் கிடாருக்கு உடல், கழுத்து, தலை என்று மூன்று பகுதிகள். கழுத்தின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் பலகையில்தான் மெட்டுகள் பதிந்திருக்கும். அதை விரல் பலகை என்று சொல்வோம். பலகையின் மேல்முனையில், தந்திகள் படிந்து செல்லப் பள்ளம் வெட்டிய ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதற்கு நட் என்று பெயர். தந்திகள் மறுமுனையில் உடலின் மேல் உள்ள பிரிட்ஜில் போய் நிற்கும். வீணையில் குதிரை செய்யும் வேலையை இங்கே பிரிட்ஜ் செய்கிறது.

எலெக்ட்ரிக் கிடாரில் ஆறு எஃகுத் தந்திகள். சாதாரணமாக எல்லாரும் போடும் 10-ஆம் எண் தந்திகளைச் சுருதி சேர்த்துவிட்டால் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 46 கிலோ விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு சிமெண்ட் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. நாம் வாசிக்கும்போது மட்டும் அல்ல, பையில் போட்டு மூலையில் வைத்திருக்கும்போதும் இந்த இழுப்பு ஓய்வதில்லை. கழுத்தின் கனமோ இரண்டு விரல் பருமன்கூட வராது.

மரம் மட்டும் இதைத் தாங்காது என்பதால் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி வைப்பார்கள். டிரஸ் ராடு என்று பெயர். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர் 1923-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தந்தி முன்பக்கம் வளைக்க, இந்தக் கம்பியை முறுக்கினால் அது பின்பக்கம் வளைக்கும். இரண்டும் சமமாக இருந்தால் கழுத்து நேராக நிற்கும். ஆனால் கம்பிக்கு இடம் விட மரத்தைக் குடைய வேண்டும். நட்டுக்குப் பின்புறம் கழுத்து ஏற்கெனவே மெலிந்த இடம். அங்கே குடைவும் சேர்ந்தால் அதுதான் மிகப் பலவீனமான இடம். பெரும்பாலான கிடார்கள் அங்கேதான் முறிகின்றன. தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் மாதிரிகளில் ஆபத்து இன்னும் அதிகம். 1952-ல் வந்த கிப்சன் லெஸ் பால் கிடார் இதற்குப் பெயர்போனது. அதில் தலை சுமார் 17 பாகை சாய்ந்திருக்கும். மல்லாந்து விழுந்தால் முதலில் தரையில் மோதுவது தலைதான்.

நம் தீவுக் காற்று

முறியாத கழுத்துக்கும் நம் ஊரில் ஒரு சோதனை உண்டு. கிடார் செய்பவர்கள் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும் இடத்தில் வாத்தியத்தை வைக்கச் சொல்வார்கள். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை ஏதோ ஒரு காற்றில் வந்துகொண்டே இருக்கிறது. அந்த மாதங்களில் ஈரப்பதம் 80-ஐச் சாதாரணமாகத் தொடும்.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் குறுக்கே வீங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும் கோடையில் தானாக விடுவதும் இதனால்தான். கிடார் கழுத்தில் இரண்டு மரங்கள் ஒட்டியிருக்கலாம். கழுத்து மேப்பிள், விரல் பலகை ஈட்டி மரம் என்பது வழக்கமான ஜோடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, உலகமெங்கும் கிடார்களின் விரல் பலகையாகப் போகிறது என்பது நமக்குப் பெருமையான செய்தி. ஆனால் இரண்டு மரங்களும் ஒரே அளவில் வீங்குவதில்லை. அதனால் கழுத்து வளையலாம். ஒரு பக்கம் மட்டும் ஈரச் சுவரை ஒட்டி இருந்தால் முறுக்கிக்கொள்ளவும் கூடும். வளைவை டிரஸ் ராடு திருத்தும். முறுக்கலை அது திருத்தாது.

முதலில் முறிவைப் படியுங்கள்

கழுத்து முறிந்த கிடாரைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தந்திகளைத் தளர்த்தி எடுத்துவிடுவது. அடுத்தது, எதுவும் செய்யாமல் உற்றுப் பார்ப்பது. முறிவை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, நார் ஓட்டத்தை ஒட்டி நீளமாகப் பிளந்த முறிவு. ஒட்டும் பரப்பு பெரிதாக இருக்கும். இரண்டு பக்கமும் பல்லும் பல்லுமாக மறுபடி பொருந்தும். இதை நல்ல பசையால் ஒட்டினால் பழைய மரத்துக்குச் சமமான பலம் வந்துவிடும். பயப்படவே வேண்டாம்.

இரண்டு, நாருக்குக் குறுக்கே கேரட்டை ஒடித்தது போல ஒடிந்த முறிவு. ஒட்டும் பரப்பு சிறிது. சில்லுகள் காணாமல் போயிருக்கும். வெறும் பசை இங்கே நிற்காது. பின்பக்கம் இரண்டு நீளப் பள்ளம் வெட்டி, உறுதியான மரப்பட்டைகளை முறிவுக்குக் குறுக்கே பதித்து ஒட்ட வேண்டும். இது கைதேர்ந்தவர் வேலை.

மூன்று, வெளியே முறியாமல் உள்ளே கெட்டது. முறுக்கிக்கொண்ட கழுத்து, அறுந்த டிரஸ் ராடு, தேய்ந்து பள்ளம் விழுந்த மெட்டுகள். முறுக்கலைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தச்சன் பலகையைப் பார்ப்பது போல, உடல் பக்கத்திலிருந்து தலை நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முதல் மெட்டும் கடைசி மெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிந்தால் சரி. ஒன்று சாய்ந்து தெரிந்தால் கழுத்து முறுக்கியிருக்கிறது.

ஒட்டும் முறை

முதல் வகை முறிவானால் வீட்டிலேயே ஒட்டலாம். நான் பின்பற்றும் ஒழுங்கு இது.

முறிந்த இடத்தை விரலால் தடவாதீர்கள். கையில் உள்ள எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. நீட்டிக்கொண்டிருக்கும் நார்களைக் கிள்ளி எறியாதீர்கள். அவைதான் திரும்பிப் போய் உட்கார வேண்டிய பற்கள்.

பசை இல்லாமல் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். கிளாம்பு எங்கே பிடிக்கும், எந்தப் பக்கம் வழுக்கும் என்பதை அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தின் பின்புறம் உருண்டையாக இருப்பதால் அதற்கு ஏற்றபடி குழிந்த தாங்கல் கட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். மெழுகு தடவிய தாளை இடையில் வைத்தால் கட்டை கழுத்தோடு ஒட்டிக்கொள்ளாது.

பசை எது என்பது அடுத்த கேள்வி. பழைய காலத்தில் வச்சிரம் காய்ச்சி ஒட்டினோம். வாத்தியம் செய்பவர்கள் சிலர் இன்றும் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அது சூட்டிலும் ஈரத்திலும் இளகும். நம் தீவுகளுக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில், தண்ணீரைத் தாங்கும் வகையே நல்லது. மெல்லிய தூரிகையால் நாரின் அடிவரை போகும்படி தடவுங்கள். டிரஸ் ராடு பள்ளத்துக்குள் பசை இறங்கினால் கம்பி பிறகு சுற்றாது. அதன் முனையில் கொஞ்சம் மெழுகு பூசிவிடுங்கள்.

கிளாம்பு இல்லாதவர்கள் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றலாம். வழிந்த பசையை ஈரத்துணியால் துடையுங்கள். வேறு ஊரில் ஒரு நாள் போதும். நம் மழைக்காலத்தில் மூன்று நாள் விடுங்கள். பிறகு ஒவ்வொரு தந்தியாகப் போட்டு, ஒரே நாளில் முழுச் சுருதிக்குக் கொண்டுபோகாமல் மெதுவாக ஏற்றுங்கள். ஒட்டிய இடத்தில் கோடு தெரியும். தெரியட்டும்.

உடனடிப் பசை ஏன் கூடாது?

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். தம்பியின் கிடாரில் முறிவு முதல் வகைதான். உடனே என்னிடம் வந்திருந்தால் மேலே சொன்ன முறையில் ஒட்டியிருப்பேன். உடனடிப் பசை சில நொடிகளில் இறுகிவிடும். இரண்டு பக்கத்தையும் சரியாகச் சேர்க்க அவகாசம் தராது. பையன் ஒட்டியபோது தலை ஒரு மயிரிழை விலகி நின்றுவிட்டது. அதைவிடக் கெடுதல், அந்தப் பசை நாருக்குள் ஊறிக் கண்ணாடி போலாகிவிட்டது. அதன்மேல் மரப்பசை பிடிக்காது. மரத்துக்குள் போக வழி இருந்தால்தானே பிடிக்கும்?

அசிட்டோன் தொட்டு இளக்கிப் பார்த்தேன். மேலே இருந்தது வந்தது, உள்ளே ஊறியது வரவில்லை. இரண்டு கலவை சேர்க்கும் எபாக்சி வைத்து ஒட்டி ஒரு வாரம் விட்டேன். கையில் பிடித்தால் கல்லாக இருந்தது. தந்தி போட்டு மூன்றாவது தந்தியை முறுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பையன் என்னைப் பார்த்தான். நான் தந்தியைத் தளர்த்திவிட்டேன்.

அப்புறம்தான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பல ஆண்டுகள் வெளிச்சுவரில் மாட்டியிருந்த கழுத்து நன்றாக முறுக்கியிருந்தது. ஒட்டு நின்றிருந்தாலும் வாசிப்பு சரியாக வந்திருக்காது.

"புதுக் கழுத்துதான் போடணும். அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றேன்.

மறுநாள் அவன் அம்மாவே பட்டறைக்கு வந்தாள். கோபிக்கவில்லை. கழுத்தைக் கையில் எடுத்து அதன் பின்புறத்தைத் தடவிப் பார்த்தாள். கட்டைவிரல் உரசி உரசி வார்னிஷ் போய், வழவழப்பாக நிறம் மாறியிருந்த இடம் அது.

"உடம்பெல்லாம் அப்படியே இருந்து என்ன மாமா? அவரு கை பட்ட இடம் இதுதானே" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னது மரவேலைப்படியும் உண்மை. கிடாரில் வாசிப்பவன் கை நாள் முழுவதும் தங்கும் இடம் கழுத்துதான். அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஒட்டுவதை முதலில் சொன்னேன், மாற்றுவதைப் பின்னால் சொல்கிறேன். ஒட்டிக் காப்பாற்ற முடிந்த கழுத்தை யாரும் மாற்றிவிட வேண்டாம்.

மாற்றக்கூடிய கழுத்து

மாற்ற முடிகிறது என்பதற்கே லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கருக்கு நன்றி சொல்ல வேண்டும். ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். பழுது பார்ப்பவரின் கண்ணோடு 1950-ல் ஒரு கிடாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை நல்ல கிடார் என்றால் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டுவார்கள். அவர் நாலு திருகாணியில் மாட்டினார். கெட்டால் கழற்றி வேறு போடலாம். 1954-ல் அவர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியைத்தான் உலகம் முழுவதும் இன்றுவரை நகல் எடுக்கிறார்கள். தம்பியின் கிடாரும் அந்த மாதிரிதான். உங்கள் வீட்டுக் கிடாரின் பின்பக்கம், கழுத்து சேரும் இடத்தில் நாலு திருகாணி தெரிந்தால் கழுத்தைக் கழற்றலாம். ஒன்றும் தெரியாவிட்டால் அது ஒட்டிய கழுத்து. அதைக் கழற்ற நீங்கள் முயல வேண்டாம்.

கழுத்து மாற்றினால் மதிப்பு போய்விடுமோ என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. எரிக் கிளாப்டன் 1970-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து ஒரே கிடாராகச் சேர்த்தார். 'பிளாக்கி' என்று பேர் வைத்து ஆண்டுக்கணக்கில் மேடையில் வாசித்தார். 2004-ல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போயிற்று.

அளவெடுப்பதில் நான் செய்த தவறு

புதுக் கழுத்து வாங்க நாலு அளவு தெரிய வேண்டும்.

முதல் அளவு, தந்தியின் நீளம். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை என்று நான் டேப்பைப் பிடித்தேன். 652 மி.மீ. வந்தது. சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்து சொன்னேன். அப்படி ஓர் அளவே கிடையாது என்றார்கள். இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் விளங்கியது. தந்தியை மெட்டில் அழுத்தும்போது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்டப் பிரிட்ஜைச் சற்றுப் பின்னால் தள்ளியே வைத்திருப்பார்கள். ஆகவே அங்கே அளக்கக் கூடாது. நட்டிலிருந்து 12-ஆவது மெட்டு வரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். எனக்கு 324 வந்தது. பெருக்கினால் 648 மி.மீ., அதாவது இருபத்தைந்தரை அங்குலம். ஃபெண்டர் மாதிரிகளின் அளவு அதுதான். கிப்சன் மாதிரிகளுக்குச் சொல்லப்படுவது இருபத்துநாலே முக்கால் அங்குலம். இதில் தவறினால் எந்த மெட்டிலும் சுருதி நிற்காது.

இரண்டாவது, கழுத்தின் அடிப்பகுதி உடலில் உட்காரும் பள்ளத்தின் அகலம். ஃபெண்டர் மாதிரிகளில் ஏறக்குறைய 56 மி.மீ. மலிவான நகல்களில் இது மாறும். கழற்றி அளந்தே சொல்லுங்கள். மூன்றாவது, அடிப்பகுதியின் கனம். நாலாவது, மெட்டுகளின் எண்ணிக்கை, 21-ஆ 22-ஆ என்று. இவற்றைத் தாளில் எழுதி, பழைய கழுத்தின் அடிப்பகுதியைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து, அந்தப் படத்தையும் அனுப்பிவிடுவது நல்லது. கப்பலில் மூன்று நாள் தள்ளி இருக்கும் நமக்குத் திருப்பி அனுப்பி மாற்றுவது சுலபம் இல்லை.

படாக்கில் செய்யலாமா?

பையன் இடையில் ஒரு கேள்வி கேட்டான். "நம்ம ஊரு படாக்லயே செஞ்சா என்ன, பெரியப்பா?"

நியாயமான கேள்வி. அந்தமான் படாக் நம் வேங்கை மரத்துக்கும் செம்மரத்துக்கும் ஒன்றுவிட்ட சகோதரன். 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையின் புகழே அதனால் வந்தது. உறுதியான, அதிகம் வளையாத மரம். இங்கிலாந்தில் பிரையன் மே என்பவர் 1963-ல், பதினாறு வயதில், கிடார் வாங்கப் பணம் இல்லாமல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்று செய்தார். கழுத்துக்கு எடுத்தது பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். அதில் இருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தாராம். குவீன் குழுவின் பாட்டுகளில் ஒலிப்பது அந்தக் கிடார்தான்.

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மெட்டுப் பள்ளங்கள் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்கும் பிசகாமல் வெட்ட வேண்டும். என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மரமும் லேசில் கிடைக்காது. 2002-ல் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. அது நல்லதுக்குத்தான். தெரியாத வேலைக்காக நல்ல மரத்தைப் பாழாக்கக் கூடாது.

பொருத்துதல்

டிசம்பர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கையில் கழுத்து வந்து சேர்ந்தது. பையன் அன்றைக்கே மாட்டச் சொன்னான். பத்து நாள் நம் காற்றில் சும்மா வைத்திரு என்றேன். வந்த அன்று பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கிய கழுத்து, பத்தாம் நாள் இறுகியது. மரம் வீங்கிவிட்டது. கழுத்தை இழைக்காமல், பள்ளத்தின் பக்கவாட்டில் தடித்திருந்த பெயின்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன். சரியாக உட்கார்ந்தது. முதல் நாளே மாட்டியிருந்தால் பள்ளத்தின் ஓரம் விரிசல் விட்டிருக்கும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. புதுக் கழுத்தில் திருகாணித் துளைகள் போட்டே அனுப்பியிருந்தார்கள். அவை நம் உடலின் துளைகளிலிருந்து இரண்டு மி.மீ. தள்ளி நின்றன. இப்படி வந்தால் துளையைச் சாய்த்துத் திருகாணியைப் போடாதீர்கள். பழைய துளைகளை உறுதியான மரமுளை வைத்துப் பசையால் அடைத்து, காய்ந்த பின் புதிதாகத் துளை போட வேண்டும். முளைக்கு நான் எடுத்தது, தண்ணீர் புகுந்த தம்பி வீட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த படாக் நிலைச்சட்டத்தின் ஒரு துண்டு. இருபது ஆண்டு உலர்ந்த மரம். அதைவிட நல்ல முளை எங்கே கிடைக்கும்?

துளை போடும் முன் கழுத்தைக் கிளாம்பில் பிடித்து, இரண்டு ஓரத் தந்திகளை மட்டும் லேசாகப் போட்டுப் பாருங்கள். விரல் பலகையின் இரண்டு விளிம்புக்கும் தந்திக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். சமமானதும் உடலின் துளை வழியாக அடையாளம் வையுங்கள். டிரில் முனை, திருகாணியின் மரை நீங்கலாக அதன் நடுத்தண்டு பருமன் இருக்கட்டும். ஆழம் தாண்டினால் விரல் பலகை வழியாக வெளியே வந்துவிடும். முனையில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள். திருகாணியில் சோப்போ மெழுகோ தேய்த்தால் மரம் பிளக்காமல் இறங்கும்.

தந்தி போட்டுச் சுருதி சேர்த்த மறுநாள் கழுத்தின் வளைவைப் பாருங்கள். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது மெட்டருகில் தந்திக்கும் மெட்டுக்கும் நடுவில் கால் மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. அதிகமாக இருந்தால் டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். கடைசியாக, 12-ஆவது மெட்டின் நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டிய ஒலியையும், அதே மெட்டை அழுத்தி மீட்டிய ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் அந்தத் தந்தியின் பிரிட்ஜ் துண்டைப் பின்னால் தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் முன்னால் கொண்டுவாருங்கள்.

இனிமேல் காப்பாற்ற

கிடாரை வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். நாற்காலியிலோ சுவர் மூலையிலோ சாய்க்க வேண்டாம். அடியில் அகன்ற தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது உறைப்பெட்டியில் படுக்க வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடையுங்கள். உப்புக் காற்றில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். மழை தொடங்கும்போது ஒருமுறை, மழை விட்ட பின் ஒருமுறை கழுத்தை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு நிமிட வேலை.

இந்தப் பொங்கல் விழாவில் பையன் அந்தக் கிடாரை வாசித்தான். புதுக் கழுத்து இன்னும் கைக்குப் பழகவில்லை, கொஞ்சம் தடிமனாகத் தெரிகிறது என்கிறான். பழைய கழுத்தைத் தந்திகளை எடுத்துவிட்டு அவன் அம்மா பீரோவில் துணி சுற்றி வைத்திருக்கிறாள். அது எதற்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை.

பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிள்ளைகளே, பொருள் உடைந்தால் உடனே சொல்லிவிடுங்கள், பசையைத் தொடாதீர்கள். பெற்றோரே, சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நம்பிக்கை இருந்திருந்தால் என் தம்பியின் கழுத்தில் ஒட்டாவது பிடித்திருக்கும். முறுக்கிய கழுத்தாக இருந்தாலும் வீட்டில் முழுதாக நின்றிருக்கும்.

சிப்பிகாட் பக்கம் வந்தால் முறிந்த வாத்தியத்தோடு என் பட்டறைக்கும் வாருங்கள். பார்க்கக் காசு வாங்குவதில்லை.